தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து அரசியல் அறிவியல் படிக்கப் போகிறீர்களா? விண்ணப்பம் முதல் ஆய்வேடு வரை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்குத் துணையாக பாலக்கோட்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் போட வேண்டும். உட்கார்ந்திருந்த அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "பி.காமா, கம்ப்யூட்டர் சயின்ஸா?" என்றார். "அரசியல் அறிவியல்ணா" என்று தங்கச்சி சொன்னதும் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "அது எதுக்கும்மா? கட்சியில சேரப் போறியா?"

எனக்கும் பல வருஷம் முன்னால் இதே கேள்வி வந்தது, வாயைத் திறக்காமல் சிரித்துவிட்டு வந்தேன். இப்போது இளங்கலை, முதுகலை இரண்டையும் முடித்துவிட்டு ஓசூரில் வேலை பார்க்கிறேன். சனி ஞாயிறில் ஊர்ப் பிள்ளைகள் கேட்கும் சந்தேகங்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இது என்ன படிப்பு என்று தெரிந்துகொண்டு போங்கள்

இது பொது அறிவுப் படிப்பு இல்லை. எந்த நாட்டுக்கு யார் அதிபர் என்று மனப்பாடம் செய்கிற வேலை இங்கே கிடையாது. தினமும் செய்தி பார்ப்பேன், டீக்கடையில் நன்றாக வாதாடுவேன் என்பவர்கள்தான் முதல் பருவத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள், நானும் அதில் ஒருவன். ஒரு விஷயத்தை யார் முடிவுசெய்கிறார்கள், அந்த அதிகாரம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது, மற்றவர்கள் ஏன் அதற்குக் கட்டுப்படுகிறார்கள், கட்டுப்படாவிட்டால் என்ன ஆகும், இந்த நாலு கேள்வியைத்தான் மூன்று வருஷமும் விதவிதமாகத் திருப்பிப் போட்டுக் கேட்பார்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லில் கறையோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தத் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பணத்தில் பெரும்பகுதி ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கொடுத்த கடன். 2013இல் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஆக, வீட்டு வாசலில் இருக்கும் ஒரு குழாய்க்குள் ஊராட்சி, மாநில அரசு, இரு மாநிலத் தகராறு, மத்திய அரசின் அனுமதி, ஒரு வெளிநாட்டின் கடன் கொள்கை எல்லாம் ஓடுகின்றன. ஊராட்சி, மாநில அரசு பக்கம் போனால் அது பொது நிர்வாகம், இரு மாநிலத் தகராறு பக்கம் போனால் கூட்டாட்சி, ஜப்பான் ஏன் நமக்குக் கடன் தருகிறது என்று கேட்டால் சர்வதேச உறவுகள்.

அரசியல் கோட்பாடு என்ற தாள் மட்டும் பலருக்குக் காற்றில் பேசுவதுபோல் இருக்கும். அப்படி இல்லை. நியாயமான வன்முறையைப் பயன்படுத்தும் உரிமை எனக்கு மட்டும்தான் என்று சொல்லிக்கொள்வதே அரசு என்பார் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், 1919 வாக்கில் சொன்னது. இதைப் படித்த அன்று எனக்கு அரூர் பக்கத்து வாச்சாத்திதான் ஞாபகம் வந்தது. 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த மலைவாழ் கிராமத்துக்குள் புகுந்து செய்த கொடுமைக்கு, 2011இல்தான் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது, 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 'நியாயமான' என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் படி: எங்கே படிப்பது

எல்லா அரசுக் கல்லூரியிலும் இந்தத் துறை இருக்காது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் டிஎன்ஜிஏஎஸ்ஏ இணையதளத்தில் கல்லூரிவாரியாகப் பாடப் பட்டியல் இருக்கும், அதை ஒருமுறை முழுவதும் பார்த்துவிட்டே விண்ணப்பம் போடுங்கள். சென்னை என்றால் மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி இரண்டிலும் இந்தத் துறைக்கு நல்ல பழமை உண்டு. கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூருதான் பக்கம், ஆனால் அங்கே தனியார் கல்லூரிக் கட்டணமும் விடுதிச் செலவும் சேர்த்தால் மாம்பழ சீசன் வருமானம் மொத்தமும் போய்விடும், கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள்.

டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால் சியூஇடி எழுத வேண்டும். 2022லிருந்து மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு அது, தமிழிலும் எழுதலாம். நம் பிள்ளைகள் கோட்டைவிடும் இடம், அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்டுக்கு ரொம்ப முன்னாடியே, பொதுத் தேர்வு நெருங்கும் நேரத்திலேயே திறந்து மூடிவிடும் என்பது. மே மாதம் வந்து "அண்ணா, டெல்லிக்கு எப்படி அப்ளை பண்றது" என்று கேட்டால் அடுத்த வருஷம் பாருங்கள் என்றுதான் சொல்ல முடியும்.

பக்கத்தில் எங்கும் இந்தப் பாடம் கிடைக்கவில்லையா, வெளியூர் அனுப்ப வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லையா? வரலாறு, பொருளாதாரம், ஆங்கில இலக்கியம் எதையாவது எடுத்துப் படியுங்கள். முதுகலை அரசியல் அறிவியலுக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் எந்தப் பட்டத்தையும் ஏற்கின்றன. இன்னும் சொல்லப்போனால் பொருளாதாரம் படித்துவிட்டு வந்தவர்கள் சர்வதேச வணிகம், கடன், தடைகள் பற்றிய வகுப்பில் எங்களை ஓரம்கட்டிவிட்டார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு இக்னோ என்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் சேராவிட்டாலும் அதன் பாடப் புத்தகங்கள் இகியான்கோஷ் தளத்தில் இலவசம், இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அதன் நூலகத்தைப் பாருங்கள். மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கும், மாணவர்களை அலமாரிக்குள் விடுவார்களா, இந்த இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதித் தகவல் கிடைத்தமாதிரி.

மூன்றாம் படி: சான்றிதழ்கள்

இதில் யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் போடலாம், அது தெரிந்ததுதான். தெரியாதது இது: நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி சான்றிதழ் மாநிலக் கல்லூரிகளுக்கு மட்டும்தான் செல்லும். மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடஒதுக்கீடு வேண்டுமென்றால் மத்திய அரசின் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் வசதிபடைத்த பிரிவில் (கிரீமி லேயர்) வரவில்லை என்று குறிப்பிட்டு, பெரும்பாலும் அந்த நிதியாண்டுத் தேதியோடு. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன் நல்ல மதிப்பெண்ணோடு இடம் வாங்கிவிட்டு, கையில் எம்பிசி சான்றிதழோடு ரயிலேறிப் போய் நின்றான். இது செல்லாது என்று சொல்லி ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். அவன் அப்பா தாலுகா அலுவலகத்துக்கு நாலு நாள் நடந்து, சான்றிதழைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, கடைசி நாள் மதியம்தான் சேர்க்கை முடிந்தது. பிப்ரவரியிலேயே போட்டிருந்தால் சாவகாசமாக முடிந்திருக்கும் வேலை.

உதவித்தொகை விஷயம் சுருக்கமாக: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1000 ரூபாய். கல்லூரியே விண்ணப்பிக்க வழிசெய்யும், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான்காம் படி: சேருவதற்கு முந்தைய இரண்டு மாதம்

ரிசல்டுக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் கிடைக்கிற காலம் தங்கம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் புத்தகங்கள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளியில் இந்தப் பாடம் இல்லாதவர்கள் முதலில் அதைக் கதைபோல ஓட்டிவிடுங்கள். அப்புறம் என்சிஇஆர்டியின் அரசமைப்பு பற்றிய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஆங்கிலத்தில் எடுங்கள். எளிமையான ஆங்கிலம்தான். ஒரே விஷயத்தைத் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பார்க்கும்போது சொற்கள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஆங்கிலம் என்றதும் பயம் வருமே, அதற்கு நான் செய்தது ஒரு நோட்டு. இடது பக்கம் இறையாண்மை, வலது பக்கம் சாவரின்டி. இடது பக்கம் கூட்டாட்சி, வலது பக்கம் ஃபெடரலிசம். பொருள் எழுதுவதோடு நிறுத்தாமல் கீழே நம் ஊர் உதாரணம் ஒன்றும் எழுதுவேன். கூட்டாட்சிக்குக் கீழே பிலிகுண்டுலு என்று எழுதியிருந்தேன். காவிரியில் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் இடம் அது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வருஷத்துக்கு 177.25 டிஎம்சி என்று சொன்னது அங்கே அளக்கிற தண்ணீரைத்தான். இரண்டு வருஷத்தில் அந்த நோட்டில் அறுநூறு சொல் சேர்ந்தது, கடைசியில் அட்டை கிழிந்து கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தேன்.

ஐந்தாம் படி: படிக்கிற விதம்

முதல் வருஷமே பிளேட்டோ, மாக்கியவெல்லி, ஹாப்ஸ் என்று வரிசையாக வருவார்கள். கைடு வாங்கிப் படித்தால் பாஸ் ஆகலாம், ஆனால் மூன்று வருஷம் முடிந்தும் ஒரு மூலப் பக்கம்கூட வாசிக்காமல் வெளியே வருவீர்கள். முழுப் புத்தகமும் வேண்டாம். ஒவ்வொருவரிடமும் பத்துப் பக்கம் போதும். ஹாப்ஸ் என்றால் அரசு இல்லாத நிலையில் மனிதர் எப்படி இருப்பார்கள் என்று சொல்லும் அந்த ஒரு அத்தியாயம். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் பென்சிலால் தமிழில் ஒரே வரி: இவர் என்ன சொல்ல வருகிறார்? அந்த ஒரு வரி எழுத வரவில்லை என்றால் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

சர்வதேச உறவுகளில் முதலில் வருவது யதார்த்தவாதம். நாடுகளுக்கு மேலே போலீஸ்காரர் யாரும் இல்லாததால் ஒவ்வொரு நாடும் தன் பலத்தையே நம்ப வேண்டியிருக்கிறது என்ற வாதம். 1948இல் புத்தகம் எழுதிய மார்கெந்தாவ், 1979இல் எழுதிய வால்ட்ஸ் என்று பெயர்கள் வரும். எனக்கு இது பிடிபட்டது அவ்வையார் மூலமாக. நம் தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன கதை எல்லோருக்கும் தெரியும், பள்ளியிலேயே படித்திருப்போம். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். உன் வேல்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, எண்ணெய் பூசிப் பளபளவென்று காவலுள்ள மனையில் இருக்கின்றன, எங்கள் அரசன் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் அவ்வையார். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. கேட்கப் பாராட்டு, உள்ளே மிரட்டல். இன்று டிட்டரன்ஸ் என்று ஒரு பருவம் முழுக்க நடத்துகிறார்களே, ஆயுதத்தின் எண்ணிக்கையைவிட அதைப் பயன்படுத்துவான் என்று எதிராளி நம்புவதுதான் முக்கியம் என்பது, அது அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. பேராசிரியர் முன் இதைச் சொன்னபோது வகுப்பில் வடநாட்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆறாம் படி: கட்டுரை எழுதுவது

இந்த வழிகாட்டியில் இந்த ஒரு பகுதியை மட்டும் படித்தாலும் போதும் என்பேன். முதுகலையில் நான் கொடுத்த முதல் கட்டுரைக்கு பத்துக்கு நாலு. ஓரத்தில் ஆசிரியர் எழுதியிருந்ததன் சாரம்: தகவல் நிறைய இருக்கிறது, நீ என்ன சொல்கிறாய்? கேள்வி, அணு ஆயுதங்கள் போரைத் தடுக்கின்றனவா என்பது. நான் ஹிரோஷிமாவில் ஆரம்பித்து, 1974, 1998 பொக்ரான் சோதனைகள் வரை வருஷவாரியாக எழுதி, எனவே உலக அமைதி அவசியம் என்று முடித்திருந்தேன். பள்ளியில் அதற்குப் பத்துக்கு ஒன்பது கிடைத்திருக்கும்.

இரண்டாம் முறை எழுதியபோது முதல் வரியிலேயே பதில்: அணு ஆயுதம் பெரிய போரைத் தடுக்கிறது, சிறிய போருக்குச் சில சமயம் துணிச்சல் கொடுக்கிறது. அடுத்து, இதை யார் ஒத்துக்கொள்வார்கள், யார் மறுப்பார்கள். வால்ட்ஸ் 1981லேயே அணு ஆயுதம் மெதுவாகப் பரவுவது நல்லதாகக்கூட இருக்கலாம் என்று வாதாடினார். ஸ்காட் சேகன் என்ற இன்னொரு அமெரிக்க அறிஞர் அதை மறுத்தார், ஆயுதங்களைக் கையாள்வது பிழை செய்யக்கூடிய ராணுவ அமைப்புகள்தானே என்றார். அதற்கப்புறம் ஆதாரம்: 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் சோதனை செய்கின்றன, அடுத்த வருஷமே கார்கில். அப்படியென்றால் தடுக்கவில்லையே என்று வால்ட்ஸுக்கு எதிராகச் சொல்லலாம், ஆனால் சண்டை கார்கிலோடு நின்றதே, முழுப் போராகவில்லையே என்று அவர் பக்கமும் சொல்லலாம். இந்த இரண்டையும் நேர்மையாக வைத்துவிட்டு, எனக்கு எது பலமாகப் படுகிறது, ஏன் என்று கடைசிப் பத்தி. ஏழரை போட்டார்கள்.

வித்தியாசம் தெரிகிறதா? தகவல் முன்னதைவிடக் குறைவு. ஒவ்வொரு தகவலும் ஒரு வேலை செய்கிறது, சும்மா உட்கார்ந்திருப்பது எதுவும் இல்லை. கட்டுரை முடித்ததும் ஒவ்வொரு பத்தியையும் தொட்டு, இதை எடுத்துவிட்டால் என் வாதம் சரியுமா என்று கேளுங்கள். சரியாது என்றால் எடுத்துவிடுங்கள், மனசு வலிக்கும், பரவாயில்லை. இன்னொன்று, இணையத்திலிருந்தோ ஏஐயிடமிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டுவது ஆசிரியருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் அதில் எந்தக் கருத்துக்கும் சொந்தக்காரர் இருக்க மாட்டார்.

ஏழாம் படி: முதுகலையும் வேலையும்

மூன்றாம் வருஷம் டிசம்பர், ஜனவரியிலேயே சியூஇடி முதுகலைத் தேர்வு அறிவிப்பைக் கவனியுங்கள். இந்தத் தேர்வில் தமிழ் கிடையாது, நோட்டு போடச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். சர்வதேச உறவுகளுக்கு டெல்லி ஜேஎன்யூவின் சர்வதேசப் படிப்புகள் பள்ளிக்கு ரொம்ப நாளாகவே பெயர் உண்டு, 1955இல் தனி நிறுவனமாகத் தொடங்கி அப்புறம் ஜேஎன்யூவோடு சேர்ந்தது. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் அரசியல், சர்வதேசப் படிப்புகள் துறை இருக்கிறது, நமக்கு அது வீட்டுப் பக்கம் மாதிரி. கோட்டயத்தில் மகாத்மா காந்திப் பல்கலைக்கழகம், காசர்கோட்டில் கேரள மத்தியப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, உத்திசார் ஆய்வுத் துறை, எல்லாமே யோசிக்கத்தக்கவை. எல்லாரும் டெல்லிக்கே போகணும் என்று இல்லை.

வேலை விஷயத்தில் நேராகச் சொல்லிவிடுகிறேன், இன்ஜினியரிங் மாதிரி கம்பெனிகள் கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்காது. யுபிஎஸ்சியில் இது விருப்பப் பாடமாக இருக்கிறது, இரண்டு தாள், ஒவ்வொன்றும் 250 மதிப்பெண், மெயின் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். நான் முதல்வன் திட்டத்தில் முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் 1000 பேருக்கு மாதம் 7500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள், அதற்குத் தனித் தேர்வு உண்டு. ஆனால் யுபிஎஸ்சி ஒன்றையே நம்பி முப்பது வயது வரை அறைக்குள் உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கூடவே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நெட் என்ற தகுதித் தேர்வு எழுதினால் கல்லூரி ஆசிரியர் வழி, பி.எட். முடித்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் தேர்வு வழி. சட்டம், பத்திரிகை, தேர்தல் ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் இன்னொரு பக்கம். ஓசூரிலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் போகிற பெங்களூரில் தட்சசிலா மாதிரியான கொள்கை ஆய்வு மையங்கள் இருக்கின்றன, அவர்கள் குறுகிய படிப்புகளும் நடத்துகிறார்கள். எக்செல், கொஞ்சம் புள்ளியியல், ஒரு வெளிநாட்டு மொழி, இந்த மூன்றில் ஒன்று கையில் இருந்தால் வரிசையில் பத்து பேரைத் தாண்டிவிடலாம்.

எட்டாம் படி: ஆய்வேடு

கடைசிப் பருவத்தில் தலைப்பு கேட்பார்கள். பாதிப் பேர் 'இந்திய அமெரிக்க உறவுகள்: ஒரு பார்வை' என்று எழுதிக்கொடுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அதைப் பற்றி எழுத உங்களைவிட ஆயிரம் பேருக்கு வசதி அதிகம். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தலைப்பை எடுங்கள். கிருஷ்ணகிரி மாங்கூழ் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் ஏமன் நாட்டு ஹூதி கிளர்ச்சிப் படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் நிறையக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அந்தச் சுற்று போச்சம்பள்ளி, பர்கூர் பக்கத்தில் பெங்களூரா ரக மாம்பழம் விளைவிக்கும் விவசாயிக்குக் கிடைத்த விலையில் தெரிந்ததா, இல்லை அந்த வருஷ விலைக்கு மழைதான் காரணமா? ஆலைக்காரர், தரகர், விவசாயி, மூவரிடமும் பேசினால் மூன்று பதில் வரும், ஆய்வேடு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

இன்னொரு தலைப்பும் சும்மா கிடக்கிறது. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 83 வயதில், 1962இல் அமெரிக்கா போய் அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்துவது பற்றி அதிபர் கென்னடியைச் சந்தித்தார். அரசுப் பதவி எதுவும் இல்லாத ஒரு முதியவர் எந்த அதிகாரத்தில் அப்படிப் பேச முடிந்தது என்று கேட்டால் அது அருமையான சர்வதேச உறவுகள் கேள்வி.

உள்ளூர் அரசியல்தான் பிடிக்கும் என்பவர்கள் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு முறை நடக்க வேண்டும். ஓரமாக உட்கார்ந்து யார் பேசினார்கள், எத்தனை பெண்கள் வாய் திறந்தார்கள், எந்தக் கேள்விக்கு 'பார்க்கலாம்' என்று பதில் வந்தது, தீர்மான நோட்டில் கையெழுத்து கூட்டத்துக்கு முன் வாங்கினார்களா பின் வாங்கினார்களா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். நான் போன முதல் கூட்டத்தில் இருபது பேர்கூட இல்லை, நோட்டில் நூற்றுச் சொச்சம் கையெழுத்து இருந்தது. "எழுதிக்கிட்டிருக்கியே, நீ எந்தப் பத்திரிகைப்பா?" என்று பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டார். படிக்கிறேன் தாத்தா என்றேன். "சரி, அப்போ தண்ணித் தொட்டி விஷயத்தையும் சேர்த்து எழுது" என்று தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.